இசைத்தட்டுச் சுழலி

இசைத்தட்டுச் சுழலி என்பது, இசைத்தட்டு ஒன்றை மாறாத வேகத்தில் சுழற்றி, அதன் மேற்பரப்பில் வெட்டப்பட்டுள்ள வரிப்பள்ளத்தின் வழியே ஓர் ஊசியைச் செல்லவிட்டு, அதில் பதிவாகியுள்ள ஒலியை மின்குறிப்பாக மாற்றித் தரும் கருவியாகும். பேச்சுவழக்கில் இது டர்ன்டேபிள் என்றும், ரெக்கார்டு பிளேயர் என்றும் வழங்கப்படுகின்றது. கைப்பிடியால் சுருள்வில்லை முறுக்கிவிட்டு, கூம்பின் வழியே ஒலியைக் கேட்ட கிராமபோன் பெட்டி இதன் முன்னோடியாகும்.

சுழலி வாங்க விரும்புவோரில் இருவகையினரைக் காணலாம். ஒரு வகையினர், விழாக்களிலும் நடன அரங்குகளிலும் தட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து இசைக்கும் டிஜேக்கள். மற்றவர்கள், வீட்டுப் பரணிலோ பழைய பொருட்கடையிலோ கிடைத்த தட்டுகளைக் கேட்கவும், கணினியில் பதிந்து காக்கவும் விரும்புவோர். இவ்விரு தேவைகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும், கருவியிடம் அவை எதிர்பார்ப்பவை வெவ்வேறானவை. முன்னவருக்கு மோட்டாரின் வலு முதன்மையானது. பின்னவருக்கு ஊசியும் வேகமும் முதன்மையானவை. கையிலுள்ள தொகை சிறிதாக இருக்கும்போது அதை எந்த உறுப்பிற்காகச் செலவிடுவது என்பதே தெரிவின் மையமாகும். பொருந்தாத கருவியால் டிஜேக்கு நேர்வது எரிச்சல் மட்டுமே. பழைய தட்டுக்கு நேர்வது மீட்கமுடியாத சேதமாகும்.

வரலாறு

தாமசு எடிசன் 1877 ஆம் ஆண்டில் உருவாக்கிய போனோகிராப், உருளையின் மீது ஒலியைப் பதித்தது. தட்டையான வட்டில் ஒலியைப் பதிக்கும் முறைக்கு எமில் பெர்லினர் 1887 இல் காப்புரிமை கோரினார். உருளையைவிடத் தட்டை அச்சிட்டுப் பெருக்குவது எளிதாக இருந்ததால், இறுதியில் தட்டே நிலைத்தது. ஏறத்தாழ நிமிடத்துக்கு 78 சுற்று என்னும் வேகம் காலப்போக்கில் பொது வழக்கானது. அரக்கும் கல்தூளும் கலந்து செய்யப்பட்ட இத்தட்டுகளில் 10 அங்குல அளவுள்ளவை பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிட நேரமே ஒலித்தன. பாடகர்கள் கீர்த்தனைகளையும் மேடைப் பாடல்களையும் இந்த அளவுக்குள் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது.

கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைசுபெர்க் 1902 இல் கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் கலைஞர்களின் குரல்களைப் பதிவு செய்தார். அப்பதிவுகள் செருமனியின் அனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே தட்டுகளாக அச்சிடப்பட்டுத் திரும்பி வந்தன. 1908 இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை அமைந்த பின்னர் இந்நிலை மாறியது.

1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகமுடைய நீள்நேரத் தட்டை, அதாவது எல்.பி. தட்டை, வெளியிட்டது. மறு ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்று வேகமுடைய 7 அங்குலத் தட்டை வெளியிட்டது. இவை வைனல் என்னும் நெகிழியால் ஆனவை. இவற்றின் வரிப்பள்ளங்கள் 78 சுற்றுத் தட்டுகளின் பள்ளங்களைவிட மிகவும் குறுகியவை. ஆகவே ஒரே பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேலாக இசையை அடக்க முடிந்தது. 1958 அளவில் இருதட ஒலித் தட்டுகள் விற்பனைக்கு வந்தன.

மேலை நாடுகளில் 78 சுற்றுத் தட்டுகளின் உற்பத்தி 1960 அளவில் பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் அது மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. பீட்டில்சு குழுவின் பாடல்கள்கூட இங்கே 78 சுற்றுத் தட்டுகளாக அச்சிடப்பட்டன என்பதும், அத்தட்டுகளை உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர் என்பதும் இதற்குச் சுவையான சான்றாகும். தமிழ் வீடுகளில் கிடைக்கும் பழைய தட்டுகளில் 78 சுற்றுத் தட்டுகள் கணிசமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். வாங்கும் சுழலியில் 78 சுற்று வேகம் உள்ளதா என்னும் கேள்வி, ஐரோப்பியரைவிட நம் நாட்டவருக்கு அதிகம் பொருந்துகின்றது.

சுழற்றும் முறைகள்

மோட்டாரின் சுழற்சியைத் தட்டு வைக்கப்படும் மேடைக்குக் கடத்துவதற்கு மூன்று முறைகள் உண்டு. பழைய கருவிகளில் இரப்பர் விளிம்புடைய சிறு சக்கரம் ஒன்று மோட்டாருக்கும் மேடையின் உள்விளிம்புக்கும் இடையே உரசிச் சுழலும். இம்முறை வலுவானது, ஆனால் மோட்டாரின் அதிர்வும் ஊசிவரை சென்று, தாழ்ந்த உறுமலாகக் கேட்கும்.

இரண்டாவது, பெல்ட் இயக்கம். இரப்பர் பெல்ட் ஒன்று மோட்டாரையும் மேடையையும் இணைக்கின்றது. பெல்ட்டின் நெகிழ்ச்சி அதிர்வை விழுங்கிவிடுவதால் அமைதியான ஒலி கிடைக்கும். செலவும் குறைவு. வீட்டில் அமர்ந்து இசை கேட்போருக்கு இது போதுமானது. எனினும், ஆண்டுகள் செல்லச் செல்லப் பெல்ட் தளர்ந்து வேகம் தள்ளாடும். அப்போது அதை மாற்ற வேண்டும். மாற்றுப் பெல்ட் கிடைக்கக்கூடிய வகையைத் தெரிவு செய்தல் நன்று.

மூன்றாவது, நேரடி இயக்கம். இதில் மோட்டாரின் அச்சே மேடையின் அச்சாகும். இடையில் பெல்ட்டோ சக்கரமோ இல்லை. சப்பானின் மட்சுசிட்டா நிறுவனத்தில் சூயிச்சி ஒபாட்டா என்னும் பொறியாளர் உருவாக்கி, 1970 இல் டெக்னிக்சு என்னும் வணிகப்பெயரில் வெளிவந்த எசுபி-10 இவ்வகையில் முதலாவதாகும். வானொலி நிலையங்களை எண்ணிச் செய்யப்பட்ட இக்கருவியின் வழித்தோன்றலான எசுஎல்-1200, 1972 இல் வீட்டுப் பயனருக்காக வெளிவந்தது. அது டிஜேக்களின் கருவியாக மாறியது, செய்தவர்கள் எதிர்பாராத நிகழ்வாகும்.

டிஜேக்களின் தேவை

நியூயார்க் நகரின் பிராங்சு பகுதியில் 1973 ஆகத்து 11 அன்று நடந்த ஒரு விருந்தில் கூல் எர்க் என்னும் டிஜே இசைத்தட்டுகளை இயக்கினார். இவ்விருந்து இப்-ஆப் இசையின் பிறப்பிடமாக இன்று கருதப்படுகின்றது. பாடலின் நடுவே குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியில் மக்கள் மிகுந்த உற்சாகத்துடன் ஆடுவதைக் கவனித்த அவர், ஒரே தட்டின் இரு பிரதிகளை இரு சுழலிகளில் வைத்து, அப்பகுதியை மாறிமாறி ஒலிக்கச் செய்து நீட்டினார். கிராண்ட்மாசுட்டர் பிளாசு இம்முறையைத் துல்லியமாக்கினார். ஓடும் தட்டை முன்னும் பின்னும் கையால் அசைத்துக் கீறல் ஒலி எழுப்பும் முறை, 1970 களின் நடுப்பகுதியில் கிராண்ட் விசார்ட் தியோடரால் உருவானது.

இந்த வேலைகளை எண்ணிப் பார்த்தால் கருவிக்கு வேண்டியவை எவை என்பது விளங்கும். தட்டைக் கையால் நிறுத்தி வைத்திருக்கும்போதும் அடியிலுள்ள மேடை சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்ததும் தட்டு நொடிப்பொழுதில் முழு வேகத்தை எட்ட வேண்டும். இதற்காகத் தட்டுக்கும் மேடைக்கும் இடையே சிலிப்மேட் எனப்படும் வழவழப்பான துணிவட்டு இடப்படுகின்றது. மேடை தளராமல் சுழல்வதற்கு மோட்டாரின் முறுக்குவிசை உதவுகின்றது. பெல்ட் இயக்கக் கருவியில் தட்டைப் பிடித்தால் பெல்ட் வழுக்கும். விட்டபின் வேகம் மெல்ல ஏறும். தாளம் அதற்குள் தவறிவிடும். ஆகையால் டிஜே பணிக்குப் பெல்ட் இயக்கத்தைத் தவிர்ப்பது நடைமுறையில் விதியாகிவிட்டது.

1979 இல் வெளிவந்த எசுஎல்-1200எம்கே2 இதற்கான அளவுகோலாக அமைந்தது. அதன் தொடக்க முறுக்குவிசை 1.5 கிலோகிராம் விசை-சென்ட்டிமீட்டர். நின்ற நிலையிலிருந்து 0.7 நொடியில் அது முழு வேகத்தை எட்டும். குவார்ட்சுப் படிகத்தால் வேகம் கட்டுப்படுத்தப்படுகின்றது. வலப்பக்கம் உள்ள நீண்ட நழுவுபிடியால் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் இயலும்.

இந்த நழுவுபிடியின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். நிமிடத்துக்கு 100 தட்டல்கள் உள்ள பாடல் ஒன்று முடியும்போது 104 தட்டல்கள் உள்ள அடுத்த பாடலை இணைக்க வேண்டுமானால், முதற்பாடலை 4 விழுக்காடு விரைவாக்கலாம். அல்லது இரண்டாவதை ஏறக்குறைய அதே அளவு தாழ்த்தலாம். இரண்டின் தாளமும் ஒன்றிவிடும். ஆனால் வேகத்தோடு சுருதியும் மாறும். ஏறத்தாழ 6 விழுக்காடு மாற்றம் சுருதியை அரைசுரம் அளவுக்கு நகர்த்துவதால், நன்கு பழகிய பாடலில் கேட்போர் அதை உணர்ந்துவிடுவர். ஆகவே 8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எல்லை விளம்பரத்தில் கவர்ச்சியாகத் தோன்றினாலும் தாளம் இணைக்கும் பணியில் அரிதாகவே தேவைப்படும்.

டிஜே பணிக்கு ஒன்றல்ல, இரு சுழலிகளும் அவற்றுக்கு இடையே ஒரு மிக்சரும் தேவை என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். கற்கத் தொடங்குவோர் ஒரு சுழலியை மட்டும் வாங்கி, கணினி அல்லது கைப்பேசியில் ஓடும் பாடலுடன் தாளத்தை இணைத்துப் பழகுவதுண்டு. 2004 இல் வெளியான செராட்டோ இசுகிராட்ச் லைவ் போன்ற மென்பொருள்கள் மற்றொரு வழியைத் திறந்தன. இவற்றில் தட்டில் இசை இருப்பதில்லை. நேரக்குறிப்பு மட்டுமே இருக்கும். அக்குறிப்பைப் படித்துக் கணினி தன்னிடமுள்ள பாடலை அதற்கேற்ப இயக்கும். இம்முறையில் தேய்வது நேரக்குறிப்புத் தட்டு மட்டுமே. அரிய தட்டு எதுவும் சேதமடைவதில்லை. பழைய தமிழ்ப் பாடல்களை டிஜே இசையில் பயன்படுத்த விரும்புவோர், தட்டை ஒருமுறை நல்ல ஊசியால் கணினியில் பதிந்துவிட்டு, இம்முறையால் இயக்குவதே முறையாகும். அரக்குத் தட்டைக் கையால் முன்பின் அசைப்பது ஒருபோதும் தகாது.

பழைய தட்டுகளின் தேவை

1933 இல் இளவயதில் மறைந்த நாடக நடிகர் எசு. ஜி. கிட்டப்பா திரைப்படத்தில் நடிக்கவில்லை. அவருடைய குரல் நமக்குக் கிடைத்திருப்பது 78 சுற்றுத் தட்டுகளின் வழியாகவே. அவரைப் போலவே நாதசுவரக் கலைஞர்கள், இசை நாடகக் குழுவினர், நகைச்சுவைப் பேச்சாளர் எனப் பலரின் கலை அக்காலத் தட்டுகளில் மட்டும் எஞ்சியுள்ளது. இவற்றுள் சில தட்டுகளுக்குப் பிரதிகள் மிகக் குறைவு. சென்னையிலுள்ள ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களும், வி. ஏ. கே. ரங்கா ராவ் போன்ற சேகரிப்பாளர்களும் இத்தகைய தட்டுகளைத் திரட்டியதால் ஒரு பகுதி காக்கப்பட்டது. மீதி இன்னும் வீடுகளில் உள்ளது. குறைந்த விலைச் சுழலி ஒன்றை வாங்கி, பாட்டனார் விட்டுச்சென்ற தட்டை அதில் வைக்கும் ஒருவர், அறியாமலேயே ஓர் ஆவணக் காப்பாளர் ஆகின்றார்.

78 சுற்றுத் தட்டின் பள்ளம் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் அகலமுடையது. எல்.பி. தட்டின் பள்ளம் அதில் பாதிக்கும் குறைவு. முன்னதற்கு ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஊசிமுனையும், இருதட எல்.பி. தட்டுக்கு ஏறத்தாழ 18 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள முனையும் தேவை. எல்.பி. ஊசியை 78 சுற்றுத் தட்டில் வைத்தால், அது பள்ளத்தின் சுவர்களில் அமராமல் அடியில் கிடந்து அலையும். அடியில் தேங்கியுள்ள தூசியின் இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். ஊசியும் விரைவில் கெடும். மாறாக 78 சுற்று ஊசியை எல்.பி. தட்டில் வைத்தால், குறுகிய பள்ளம் சிதைந்துபோகும். பழைய வீட்டுக் கருவிகளில் ஊசியின் அருகே ஒரு சிறு நெம்பைத் திருப்பி, இருபுறமும் உள்ள இரு ஊசிகளில் வேண்டியதைத் தெரிவு செய்யும் வசதி இருந்தது. இன்று மூன்று வேகங்களும் உண்டு என விற்கப்படும் பெட்டி வடிவச் சிறு கருவிகள் பலவற்றில் ஒரே ஊசிதான் உள்ளது என்பதை அட்டைப்பெட்டி சொல்வதில்லை.

சாவி முறுக்கும் பழைய கிராமபோனில் எஃகு ஊசி பயன்பட்டது. அதன் ஒலிப்பெட்டியின் சுமை 100 கிராமுக்கும் மேல் தட்டின்மீது அழுத்தும். அரக்குத் தட்டில் கல்தூள் கலக்கப்பட்டதே இந்த ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருந்தச் செய்வதற்காகத்தான். எனவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசியை மாற்றுமாறு அறிவுறுத்தப்பட்டது. அரிய தட்டை அழகுக்காக அத்தகைய பெட்டியில் ஓட்டிக்காட்டுவது தட்டைத் தேய்ப்பதாகும். அதில் வைனல் தட்டை வைத்தால் ஒரே ஓட்டத்தில் கெட்டுவிடும்.

தட்டைத் தூய்மை செய்வதிலும் இருவகைக்கும் வேறுபாடு உண்டு. வைனல் தட்டுக்கான துப்புரவு நீர்மங்கள் சிலவற்றில் ஆல்ககால் கலந்திருக்கும். அரக்கு ஆல்ககாலில் கரையக்கூடியது. ஆகவே அந்நீர்மம் 78 சுற்றுத் தட்டின் மேற்பரப்பையே கரைத்துவிடும். இதற்குக் காய்ச்சி வடித்த நீரும் சிறு துளி மென்மையான சோப்பும் போதும். நடுவிலுள்ள தாள் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

78 சுற்று வேகமில்லாத சுழலியில் பழைய தட்டைக் கேட்க ஒரு வழி உண்டு. உரிய ஊசியைப் பொருத்தி 45 சுற்று வேகத்தில் ஓட்டிக் கணினியில் பதிந்து, பின்னர் அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேகத்தை ஏறத்தாழ 1.74 மடங்காக உயர்த்தலாம். வளைந்த தட்டுகளில் ஊசி துள்ளாமல் செல்ல இம்முறை உதவுவதும் உண்டு. ஆனால் தாழ்சுர, உயர்சுர அளவுகள் முன்பெருக்கியில் தவறான வேகத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருக்கும்; அதையும் மென்பொருளில் சரிசெய்ய வேண்டும். 1954 இல் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. தரத்தையே இன்றைய முன்பெருக்கிகள் பின்பற்றுகின்றன. அதற்கு முந்தைய தட்டுகளை நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி பதிந்தன. ஆகையால் பழைய தட்டுக்கு எப்படியும் இத்திருத்தம் தேவைப்படும். 78 சுற்றுத் தட்டுகள் ஒற்றைத்தட ஒலி உடையவை என்பதால், இருதடங்களையும் ஒன்றாகச் சேர்த்தால் ஊசியின் மேல்கீழ் அசைவால் எழும் இரைச்சல் பெருமளவு நீங்கும்.

45 சுற்றுத் தட்டுகளும் எல்.பி. தட்டுகளும் இத்தனை சிக்கலானவை அல்ல. நான்கு திரைப்பாடல்கள் கொண்ட 7 அங்குலத் தட்டுகளையும், இளையராசா இசையில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட எல்.பி. தட்டுகளையும் எந்த நல்ல சுழலியிலும் வழக்கமான ஊசியால் கேட்கலாம்.

கார்ட்ரிட்சும் ஊசியும்

ஊசியின் அசைவை மின்குறிப்பாக மாற்றும் உறுப்பு கார்ட்ரிட்சு ஆகும். மலிவான கருவிகளில் பீங்கான் வகை கார்ட்ரிட்சு இருக்கும். இது வலுவான மின்குறிப்பைத் தருவதால் முன்பெருக்கி தேவையில்லை. ஆனால் தட்டின்மீது ஏறத்தாழ 5 கிராம் அளவுக்கோ அதற்கும் மேலோ அழுத்தும். காந்த வகையில் ஊசியோடு இணைந்த நுண்ணிய காந்தம் கம்பிச்சுருளின் அருகே அசைகின்றது. வீட்டுப் பயன்பாட்டில் இதற்கு 2 கிராம் அளவு அழுத்தம் போதும். டிஜேக்களுக்கான ஊசிகளின் தண்டு விறைப்பானது. தட்டைப் பின்னோக்கிச் சுழற்றும்போது முறியாதிருக்கவும் துள்ளாதிருக்கவும் 3 கிராம் அளவில் அழுத்தப்படும். முனையும் உருண்டையானதாக இருக்கும். நீள்வட்ட முனை நுண்ணிய ஒலிகளைத் தெளிவாக எடுத்தாலும் பின்னோக்கி அசைப்பதற்கு ஏற்றதல்ல.

கையின் பின்முனையிலுள்ள எதிர் எடையைத் திருகி இந்த அழுத்தம் அமைக்கப்படுகின்றது. எதிர் எடையே இல்லாத கருவியில் அழுத்தத்தைத் திருத்த வழியில்லை. அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு காக்கப்படும் எனப் பலர் எண்ணுகின்றனர், இது தவறு. குறைந்த அழுத்தத்தில் ஊசி பள்ளத்துக்குள் துள்ளி, சுவர்களில் மோதி அதிகச் சேதம் விளைவிக்கும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட எல்லையின் மேல்பாதியில் வைப்பதே பாதுகாப்பானது.

கையின் முனையிலுள்ள எட்செல் எனப்படும் தலைப்பகுதியைக் கழற்றி மாற்றும் வசதி, இருவகைத் தட்டுகளை வைத்திருப்போருக்குப் பெரும் பயனுடையது. எல்.பி. ஊசி பொருத்திய ஒரு தலையும் 78 சுற்று ஊசி பொருத்திய மற்றொன்றும் இருந்தால், அரை நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். அழுத்தத்தை மட்டும் மறுபடி அமைக்க வேண்டும்.

காந்தக் கார்ட்ரிட்சின் மின்குறிப்பு சில மில்லிவோல்ட்டு அளவே உடையது. ஆகவே அதற்கு முன்பெருக்கி தேவை. சில சுழலிகளில் இது உள்ளமைந்திருக்கும். டெக்னிக்சு எசுஎல்-1200 வகையில் இல்லை. டிஜே மிக்சர்களில் சுழலிக்கான உள்ளீடு பொதுவாக முன்பெருக்கியுடனேயே வரும். இரண்டையும் ஒருசேர இயக்கினால் ஒலி உடைந்து கேட்கும் என்பதால், ஏதேனும் ஒன்றை நிறுத்திவைக்க வேண்டும்.

குறைந்த விலையில் தெரிவு

மிகக் குறைந்த விலையில் உள்ள, பெட்டி வடிவச் சுழலிகளில் கேட்கத்தக்கவை ஏற்கெனவே கீறல் விழுந்த, எளிதில் மீண்டும் கிடைக்கக்கூடிய தட்டுகள் மட்டுமே. அடுத்த நிலையில் ஆடியோ-டெக்னிக்கா ஏடி-எல்பி60 போன்ற பெல்ட் இயக்கக் கருவிகள் உள்ளன. இவை காந்தக் கார்ட்ரிட்சும் உள்ளமைந்த முன்பெருக்கியும் உடையவை. தாமாகவே ஊசியை இறக்கி ஏற்றும். எல்.பி. தட்டுகளை மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு இதைவிட அதிகம் தேவையில்லை. 78 சுற்று வேகமும் வேகத்தைக் கூட்டிக்குறைக்கும் பிடியும் இவற்றில் இல்லாததால், இக்கட்டுரையில் கூறப்படும் இரு தேவைகளுக்கும் இவை பொருந்தா.

இரு தேவைகளும் சந்திக்கும் இடம் அதற்கும் மேலுள்ள நிலையாகும். 2019 இல் 249 அமெரிக்க டாலர் விலையில் அறிமுகமான ஆடியோ-டெக்னிக்கா ஏடி-எல்பி120எக்சுயுஎசுபி நேரடி இயக்கமும், மூன்று வேகங்களும், கழற்றக்கூடிய தலையும், கணினி இணைப்பும் கொண்டது. அதன் கார்ட்ரிட்சு விஎம்95 வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையில் 78 சுற்றுத் தட்டுக்கென ஓர் ஊசி தனியே விற்கப்படுகின்றது. கார்ட்ரிட்சை மாற்றாமல் ஊசியை மட்டும் கழற்றிச் செருகினால் போதும். பழைய தட்டுகளே முதன்மை நோக்கம் என்றால், இதுவும் அந்த ஊசியும் சிக்கனமான இணையாகும். மோட்டார் மெலிவானது என்பதால் கீறல் இசைக்கு இது ஏற்றதல்ல. தாளம் இணைத்துப் பழகுவதற்கு உதவும்.

பயனியர் பிஎல்எக்சு-500 (2016, அறிமுக விலை 349 டாலர்) ஓரளவு வலுவான மோட்டாரும் 78 சுற்று வேகமும் உடையது. அதன் மூத்த வகையான பிஎல்எக்சு-1000 (2014, 699 டாலர்) 4.5 கிலோகிராம் விசை-சென்ட்டிமீட்டர் முறுக்குவிசையுடன் டிஜேக்களிடையே பெயர்பெற்றது. ஆனால் அதில் 33⅓, 45 ஆகிய இரு வேகங்களே உண்டு. விலை ஏறும்போது வசதிகள் யாவும் கூடும் என்று கருதுவது இத்துறையில் பொருந்தாது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. எசுஎல்-1200எம்கே2 வகையிலும் 78 சுற்று வேகம் இல்லை. டெக்னிக்சு நிறுவனம் 2010 இல் எசுஎல்-1200 உற்பத்தியை நிறுத்தி, 2016 இல் மீண்டும் தொடங்கியது. 2019 இல் டிஜேக்களுக்காக வெளியிட்ட எம்கே7 வகையில் 78 சுற்று வேகமும் சேர்க்கப்பட்டது. எனினும் அது குறைந்த விலைக் கருவி அல்ல.

முன்பே பயன்படுத்திய கருவிகள்

இருபது, முப்பது ஆண்டுகள் பழைமையான எசுஎல்-1200எம்கே2 இன்றும் நன்றாக இயங்குவதைக் காணலாம். வாங்குமுன் சிலவற்றைச் சோதித்தல் வேண்டும். கையின் அடிப்பகுதியை மெல்ல அசைத்தால் தளர்வு தெரியக்கூடாது. நழுவுபிடி நடுவில் இருக்கும்போது, மேடையின் விளிம்பிலுள்ள பெரிய புள்ளிகள் சிவப்பு விளக்கொளியில் நகராமல் நிற்பதுபோலத் தோன்ற வேண்டும். ஒலிப்பெருக்கியுடன் இணைத்து இரைச்சல் கேட்டால் நிலக்கம்பி அறுந்திருக்கலாம். விற்பவர் நல்லது என்று உறுதியளித்தாலும் ஊசியைப் புதிதாக வாங்கிக்கொள்வதே சிறந்தது. தேய்ந்த முனை உளிபோல் பள்ளத்தைச் செதுக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவிகளில் மின்சாரம் பற்றிய சிக்கல் ஒன்று உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சு ஆகும். அமெரிக்காவில் 120 வோல்ட்டு, 60 ஏர்ட்சு. மின்மாற்றி வோல்ட்டை மட்டுமே மாற்றும், ஏர்ட்சை மாற்றாது. பழைய பெல்ட் கருவிகள் பலவற்றில் மாறுதிசை மின்மோட்டாரின் வேகம் ஏர்ட்சைப் பொறுத்தே அமைவதால், 60 ஏர்ட்சுக்குச் செய்யப்பட்ட சுழலி இங்கே 33⅓ சுற்றுக்குப் பதிலாக ஏறத்தாழ 27.8 சுற்று வேகத்தில் ஓடும். பாடகியின் குரல் ஆண்குரலாகிவிடும். மோட்டாரின் முனையிலுள்ள கப்பியை 50 ஏர்ட்சுக்கு உரியதாக மாற்றினால் இது சரியாகும். குவார்ட்சுக் கட்டுப்பாடுள்ள நேரடி இயக்கக் கருவிகளுக்கு இச்சிக்கல் இல்லை. அவற்றுக்கு வோல்ட்டை மட்டும் சரிசெய்தால் போதும்.